கல்லூரி கவுன்சிலரிடம் சொன்னால் வீட்டுக்குப் போகுமா?

ஹாஸ்டல்_பி_பிளாக் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி பெயர் வேண்டாம்.

4 அரியர் நிற்கிறது. அதைவிடத் தூக்கம்தான் பெரிய தொல்லை. விடியும் வரை கண் மூடுவதில்லை. அப்புறம் அசந்து தூங்கி, முதல் இரண்டு ஹவர் போய்விடுகிறது. அட்டென்டன்ஸ் 75-க்குக் கீழே இறங்கிவிட்டது. மெஸ்ஸுக்குப் போகவே பிடிக்கவில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் வாலிபால் கோர்ட்டில்தான் கிடப்பேன். இப்போது பந்துச் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். ரூம்மேட் பார்த்துப் பார்த்து, "கவுன்சிலிங் செல் இருக்குல்ல, ஒரு தடவை போயிட்டு வாடா" என்கிறான்.

செல் இருக்கிறது. அட்மின் பிளாக்கில், பிரின்சிபால் அறைக்கு எதிரே. அந்த பெஞ்சில் உட்கார்ந்தாலே நாலு பேர் கண்ணில் பட்டுவிடும். உள்ளே போய்ப் பேசினால் அது எச்.ஓ.டி.க்குப் போகுமா, வீட்டுக்குப் போகுமா, பிளேஸ்மென்ட் செல்லுக்குப் போகுமா? அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறார். கல்விக் கடன் வாங்கித்தான் படிக்கிறேன். இந்த நேரத்தில் கல்லூரியிலிருந்து ஃபோன் போனால் அவர் தாங்கமாட்டார். போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மஞ்சள்_குடை

என் விஷயத்தில் போனது. அதனால் "பயப்படாமல் போங்கள்" என்று சும்மா சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் கல்லூரியில் கவுன்சிலர் என்று தனியாக யாரும் கிடையாது. ஆங்கிலத் துறை மேடம் ஒருவர் ஏதோ குறுகியகாலப் படிப்பு முடித்திருந்தார், அவரிடமே இந்தப் பொறுப்பையும் கொடுத்திருந்தார்கள். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார், அழ விட்டார். ஒருவரைப் பிடித்திருந்தது, அது முறிந்துபோனது, அதிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்று சாயங்காலமே வார்டன் கூப்பிட்டு ஃபோனை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் அம்மாவும் மாமாவும் ஹாஸ்டல் வாசலில் நின்றார்கள். பையன் என்ன சாதி என்பதுதான் மாமா கேட்ட முதல் கேள்வி. அந்த செமஸ்டர் முழுக்க வீட்டிலேயே இருந்தேன்.

உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில் நான் இல்லை, அப்படி எதையும் சொல்லவும் இல்லை. "அம்மாவிடம் பேசலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எப்படிப் பேச வேண்டும், யார் காதுக்குப் போகக் கூடாது என்று நானே சொல்லியிருப்பேன்.

வேலைக்காகச் சென்னை வந்த பிறகுதான் திரும்ப ஒருவரிடம் போகும் தைரியம் வந்தது. அவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, எதை வெளியே சொல்லமாட்டார், எந்த நிலைமையில் சொல்ல வேண்டிவரும் என்று பொறுமையாக விளக்கி, அதை எழுதியிருந்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதிலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. தம்பி, போங்கள். ஆனால் உங்கள் கதையைத் தொடங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

வைகைக்கரை

நான் கல்லூரி கவுன்சிலர். மதுரைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரி. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி மேற்படிப்பில் மருத்துவ, மனநலப் பிரிவு எடுத்துப் படித்தவள்.

மஞ்சள்_குடை, உங்களுக்கு நடந்ததைப் படிக்கவே கோபம் வருகிறது. அதைக் கவுன்சிலிங் என்று நான் சொல்லமாட்டேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது அறையில் ஒரு நீளமான லெட்ஜர் இருந்தது. வரிசை எண், பெயர், ரோல் நம்பர், துறை, வந்த காரணம், கையெழுத்து என்று கோடு போட்டிருந்தார்கள். ஒரு பெண் வந்து தன் பெயரை எழுதினால், மேல் வரியில் இன்னொரு பையனின் பெயருக்கு எதிரே "காதல் தோல்வி" என்று இருப்பதை அவள் படிக்கலாம். அதற்கு மேல் வரியில் "அப்பா குடி". கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் (NAAC) குழு வரும்போது காட்டுவதற்காக ஒழுங்காகப் பராமரித்த பதிவேடு அது. இத்தனை மாணவர்களுக்கு ஆலோசனை தந்தோம் என்பதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? அந்த லெட்ஜர் மேசைமேல் இருக்கும் வரைக்கும் உண்மையான பிரச்சனையோடு யாரும் வரமாட்டார்கள் என்று முதல்வரிடம் சொல்லி, அதை மூடி வைத்தேன். இப்போது வருபவர்களுக்கு ஒரு எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது என் அலமாரியில் தனி நோட்டில் இருக்கிறது, சாவி என்னிடம். நிர்வாகத்துக்கு இந்த ஆண்டு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் போகும். துறைவாரியாகக்கூடப் பிரிப்பதில்லை. 15 பேர் படிக்கிற துறையில் "ஒருவர் வந்தார்" என்று எழுதினால் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு எச்.ஓ.டி. வந்து, "எங்க பையன் என்னம்மா சொன்னான்? நான் அவனுக்கு நல்லதுதானே செய்யப்போறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, உண்மையான அக்கறைதான். "நீங்க சொன்னதாலதான் சார் வந்தான், அதுக்கு நன்றி. மத்ததை அவனே வந்து சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவர் துறையிலிருந்துதான் அதிகம் பேர் வர ஆரம்பித்தார்கள்.

ஹாஸ்டல்_பி_பிளாக் தம்பிக்கு நேரடி பதில். முறையாகப் படித்த கவுன்சிலர் என்றால் எச்.ஓ.டி.யிடமும் வீட்டிலும் பிளேஸ்மென்ட் செல்லிலும் சொல்லக் கூடாது. மாணவரின் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: முதலாம் ஆண்டில் 17 வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாலியல் தொல்லை நடந்திருந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது எங்கள் கடமை. இப்படிச் சொல்ல நேர்ந்தாலும் முதலில் மாணவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். வீட்டில் யாரைக் கூப்பிடலாம் என்பதையும் அவர்களையே கேட்பேன். பெரும்பாலும் அக்கா பெயரோ சித்தப்பா பெயரோதான் வரும்.

முதல் ஐந்து நிமிடத்தில் இதையெல்லாம் கேளுங்கள்: உங்கள் படிப்பு என்ன? நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள்? அந்த ஃபைலை வேறு யார் பார்ப்பார்கள்? எந்த நிலைமையில் வீட்டுக்குச் சொல்வீர்கள்? முகம் சுளித்தாலோ "அதெல்லாம் உனக்கெதுக்கு" என்றாலோ எழுந்து வந்துவிடலாம், தப்பே இல்லை.

தாமிரபரணி_88

நான் இன்ஜினியரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். எங்கள் துறையில் 20 மாணவர்களுக்கு ஒரு மென்டார். அந்த முறையில் எனக்கும் 20 பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மேலே எழுதியவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையில் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "தெரிஞ்சும் ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?" கல்லூரியில் நாங்கள் பார்ப்பது ஒரு நாளில் சில மணி நேரம். பெற்றவர்களுக்குத்தான் பிள்ளையைத் தெரியும். 18 வயது முடிந்துவிட்டது, இனி அவன் பாடு என்று அவர்களை ஒதுக்கி வைப்பது நம் ஊர்க் குடும்பத்துக்குப் பொருந்தாது. வீட்டுக்குச் சொன்னதால் பிழைத்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

மஞ்சள்_குடை

சார், வீட்டுக்குச் சொல்வதே தப்பு என்று நான் எழுதவில்லை. அந்தப் பையனைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டீர்களா, கேட்காமல் கூப்பிட்டீர்களா?

தாமிரபரணி_88

கேட்டேன். "அப்பாவைக் கூப்பிடட்டுமா?" என்றதும், "அப்பா வேணாம் சார், பெரியப்பாவைக் கூப்பிடுங்க" என்றான். பெரியப்பாதான் வந்து அழைத்துக்கொண்டு போனார்.

வைகைக்கரை

நாங்கள் சொல்வதும் அதையேதான் சார். அவனைக் கேட்டதால்தான் பெரியப்பா என்று ஒருவர் இருப்பதே உங்களுக்குத் தெரிந்தது. நேராக அப்பாவைக் கூப்பிட்டிருந்தால் அந்தப் பையன் அடுத்த தடவை உங்களிடம் வாயே திறந்திருக்கமாட்டான்.

தாமிரபரணி_88

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டும் பதில் சொல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால், அனுமதிக்காகக் காத்திருக்கமாட்டேன். அந்த இடத்தில் என் கருத்து மாறாது.

பிஜி_ரெசிடென்ட்

அரசு மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது. "சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று இன்னும் மறைக்கிறவர்கள் இருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சட்டம் பேசுவது சிகிச்சை தரும் மருத்துவத் துறையினரைப் பற்றி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் எம்.ஃபில். மாதிரியான முறையான பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பொறுப்பைக் கூடுதலாகச் சுமக்கும் ஆங்கிலத் துறை மேடத்துக்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை. ரகசியத்தை மீறினால் அவர்மேல் எங்கே புகார் செய்வது? அதனால்தான் "உங்கள் படிப்பு என்ன?" என்ற கேள்வி முக்கியம்.

தம்பிக்கு: தூக்கம், பசி, பிடித்த விளையாட்டில் ஆர்வம் மூன்றும் ஒன்றாகக் குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. இணையத்தில் படித்து எனக்கு இந்த நோய் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனையும் எழுதுவோம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். 18 வயது ஆகிவிட்டதால் பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. மருந்தும் இலவசம். மன அழுத்தத்துக்கான மாத்திரைகள் வேலை செய்யவே 2 முதல் 4 வாரம் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் கேட்கல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நிறுத்துவதையும் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் ஓ.பி. நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ரூம்மேட்டை எழுப்புங்கள், இரண்டு பேருமாக எமர்ஜென்சிக்கு வந்துவிடுங்கள். எந்த நேரமானாலும் பார்ப்பார்கள். அப்படி எண்ணம் ஏதாவது இருக்கிறதா தம்பி? நேராகவே கேட்கிறேன்.

ஹாஸ்டல்_பி_பிளாக்

அப்படி இல்லை அண்ணா. ரொம்பக் களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். கேட்டதற்கு நன்றி. 14416-ஐ ஃபோனில் போட்டு வைத்துவிட்டேன்.

முதல்_தலைமுறை

ரகசியத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

நான் எம்.டெக். படித்தது ஒரு மத்திய அரசு நிறுவனத்தில். கவுன்சிலர் நன்றாகப் படித்தவர், ரகசியமும் காத்தார், குறை சொல்ல முடியாது. என் பிரச்சனை லேபில் இருந்தது. சேர்ந்த வாரத்திலேயே "உன் கேட் (GATE) நுழைவுத் தேர்வு ரேங்க் என்ன?" என்று கேட்டார்கள். ரேங்கை வைத்துச் சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள் என்று கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். அப்புறம் குழு ஆய்வுகளில் என் பெயர் விடுபட ஆரம்பித்தது. மதியம் சாப்பிட எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான் எனக்குத் தெரியவரும். இதையெல்லாம் கவுன்சிலரிடம் சொன்னேன். "நீங்கள் கொஞ்சம் அதிகமாக யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது" என்று சொல்லி மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். அதைச் செய்துகொண்டே அதே லேபுக்குத் திரும்பிப் போனேன்.

எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று தோரட் குழு 2007-லேயே விசாரித்து எழுதிவிட்டது. ஆனாலும் அந்த அறையில் உட்கார்ந்து நான் என் அனுபவம் கற்பனை இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எனக்குக் கை கொடுத்தவர்கள் எங்கள் சீனியர்கள். எஸ்.சி., எஸ்.டி. பிரிவுத் தொடர்பு அலுவலரிடம் அவர்களே என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். கைடை மாற்றிய பிறகுதான் தூக்கம் வந்தது.

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. சாதிப் பாகுபாட்டையும் அது ஆராய வேண்டிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். கவுன்சிலர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு மாணவன் சாதியைப் பற்றிச் சொன்னால் முதலில் நம்புங்கள். மூச்சுப் பயிற்சி அப்புறம் ஆகட்டும்.

வைகைக்கரை

நம்புகிறேன். இன்னொன்றும் உண்டு. எங்கள் படிப்பில் சாதியைப் பற்றி ஒரு சமூகவியல் பாடம் இருந்தது. அதே விஷயம் கவுன்சிலிங் அறைக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று யாரும் பயிற்சி தரவில்லை. நீங்கள் எழுதியதை எங்கள் ஊர் கவுன்சிலர்கள் குழுவில் பகிர்ந்துகொள்ளலாமா?

முதல்_தலைமுறை

தாராளமாக.

பனங்கூடல்

நான் இலங்கை. தெற்கிலே ஒரு கம்பஸில் படிச்சனான். ஊர் வடக்கு.

எங்கள் பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் என்று இருப்பவர்கள் விரிவுரையாளர்கள்தான். பீடத்துக்குப் பீடம் சிலரை நியமிப்பார்கள். பகிடிவதை (ராகிங்) நடந்தால் விசாரிப்பதும் அவர்கள், மனம் சரியில்லை என்று போனால் கேட்பதும் அவர்கள். பகிடிவதைத் தடைச் சட்டம் 1998-இலேயே வந்துவிட்டது. எண்டாலும் முதலாம் வருடத்தில் சீனியர்மார் சொல்லும் முதல் கட்டளை "ஆலோசகரிட்டப் போகக் கூடாது" என்பதுதான். போனால் காட்டிக்கொடுக்கிற ஆள் என்று பட்ச் முழுக்க ஒதுக்கும். ஒரே ஆளை இரண்டு வேலைக்கும் வைத்திருக்கும் மட்டும் இது மாறாது.

என்னுடைய கதை வேறு. 2009-இல், போர் முடிஞ்ச வருடம், அண்ணா இல்லாமல் போனவர். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. கம்பஸுக்கு வந்து தனியாக இருக்கத் தொடங்கின பிறகுதான் அது எனக்குள்ளே எழும்பினது. உளவளத்துணைக்கு, நீங்கள் சொல்லும் கவுன்சிலிங்குக்கு, போனேன். அவர் அன்பான மனுசி, ஆனால் சிங்களமும் இங்கிலீசும்தான். அண்ணாவைப் பற்றி இங்கிலீசில் சொல்ல எனக்கு வரவில்லை. கம்பஸ் வைத்திய நிலையத்து டொக்டர்தான் விளங்கிக்கொண்டு, போதனா வைத்தியசாலை உளமருத்துவக் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார். அங்கே தமிழ் கதைக்கிற டொக்டர் ஒருவர் இருந்தது என் அதிர்ஷ்டம். காசு ஒன்றும் எடுக்கவில்லை. இலங்கையில் இருக்கிறவர்கள் 1926-க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

கோயம்புத்தூர்த் தம்பி, கவுன்சிலர் சரிவராவிட்டால் கம்பஸ் டொக்டரிட்டப் போய்ப் பாருங்கோ. காய்ச்சல் எண்டு வரிசையில் நிற்கிற ஆக்களோடு நீங்களும் நிற்கலாம், ஒருத்தரும் ஏன் எண்டு கேட்கமாட்டினம்.

சிவகாசி_டு_டெக்சாஸ்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறேன். இங்கே ரகசியம் நன்றாகக் காக்கிறார்கள். 18 வயது தாண்டிய மாணவரின் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குச் சொல்வதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆண்டுக்கு இத்தனை அமர்வு என்று எல்லை வைத்திருக்கிறார்கள். முதலில் ஃபோனில் விசாரித்து அவசரமா இல்லையா என்று பிரிப்பார்கள். அவசரமில்லை என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நமக்குப் பேச்சு வர ஆரம்பிக்கும்போது அமர்வுகள் முடிந்துவிடும், வெளியே ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பட்டியல் தருவார்கள். யார் நம் இன்ஷூரன்ஸை ஏற்பார் என்று தேடுவது தனி அலைச்சல். குழு அமர்வுகளுக்கு மட்டும் எங்கள் பக்கம் எல்லை இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று நடக்கும் குழுவில் சேர்ந்தேன், அது எனக்கு நன்றாகவே உதவியது. இங்கே மனநல நெருக்கடிக்கான அவசர எண் 988.

ஹாஸ்டல்_பி_பிளாக்

போய்வந்துவிட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னீர்கள், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு இரவு 14416-க்குத்தான் அழைத்தேன். அக்கா ஒருவர் பேசினார். "சாப்டீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். ஊர், கல்லூரி எதையும் துருவவில்லை. தூக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டார். ஓ.பி.க்குப் போகும்படி அவரும் சொன்னார்.

அப்புறம் கல்லூரி செல்லுக்குப் போனேன். வகுப்பு நடக்கும் நேரமாகப் பார்த்துப் போனதால் பெஞ்சில் யாரும் இல்லை. வைகைக்கரை அக்கா சொன்ன கேள்விகளை ஃபோனில் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்தே கேட்டேன். அந்த மேடம் கோபப்படவில்லை. எம்.எஸ்சி. சைக்காலஜி, வாரத்தில் சில நாள் மட்டும் வருகிறார். "நீ சொல்றது என் ஃபைல்ல இருக்கும், பூட்டி வெச்சிருப்பேன். ஆனா மாசா மாசம் யார் யார் வந்தாங்கன்னு ரோல் நம்பரோட மேனேஜ்மென்ட்டுக்கு லிஸ்ட் குடுத்தாகணும். அதை மறைச்சுச் சொல்ல எனக்கு இஷ்டமில்ல" என்றார். இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அங்கே அரியரையும் தூக்கத்தையும் பற்றி மட்டும் பேசினேன். அரியர் பேப்பர்களை எப்படிப் பிரித்து எழுதுவது என்று கூடவே உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டுத் தந்தார்.

மற்றதையெல்லாம் ஜி.எச்.சில் சொன்னேன். ரூம்மேட் கூட வந்தான். ஓ.பி.யில் கூட்டம், பேசக் கிடைத்த நேரம் குறைவுதான். ஆனால் டாக்டர் சீட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது சொல்லலாமா என்று கேட்டார். பல்லடத்தில் கட்டிக் கொடுத்த அக்காவிடம் சொல்கிறேன் என்றேன், சொல்லியும்விட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

இப்போது ஒரு பிரச்சனை. அட்டென்டன்ஸுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வைக்க வேண்டும். அதில் மனநலப் பிரிவு முத்திரை இருந்தால் எச்.ஓ.டி. மேசைக்குப் போகுமே?

பிஜி_ரெசிடென்ட்

சான்றிதழ் கேட்கும்போதே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். "எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவருகிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை" என்ற அளவில் எழுதிக் கேட்கலாம். நோயின் பெயரை விலாவாரியாக எழுதியாக வேண்டும் என்பதில்லை. நான் பார்க்கும் மாணவர்கள் பலர் இப்படித்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். மாத்திரையை விடாதீர்கள். முதல் சில நாள் வயிற்றைப் புரட்டினால் பயப்பட வேண்டாம், ஆனால் அதிகமானாலோ மனசு இன்னும் கலங்கினாலோ அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள்.

தாமிரபரணி_88

இது எனக்குத் தெரிந்த வேலை. நீங்கள் அண்ணா பல்கலைக்கழக விதியில் வருகிறீர்கள் என்றால் 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை இறங்கியிருந்தாலும் விலக்கு கேட்கலாம். 65-க்குக் கீழே போனால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் இன்றிலிருந்து முதல் ஹவரை விடாதீர்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதியை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழைக் கடைசி வாரம் வரைக்கும் வைத்திருக்க வேண்டாம். உங்கள் மென்டார் மூலமாக, உறையில் போட்டு ஒட்டி, எச்.ஓ.டி.யிடம் நேரில் கொடுங்கள். அலுவலக டிரேயில் போட்டால் பியூன் முதல் லேப் டெக்னீஷியன் வரை எல்லோர் கையிலும் புரளும். காரணம் கேட்டால் "சிகிச்சையில் இருக்கிறேன் சார்" என்பது போதும்.

பாலிடெக்_மூணாவது

நான் பாலிடெக்னிக், இறுதியாண்டு. இந்த இழையை முழுக்கப் படித்தேன். எங்கள் கல்லூரியில் கவுன்சிலரே கிடையாது. நோட்டீஸ் போர்டில் ராகிங் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

வைகைக்கரை

கேட்டு வாங்க வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்கள் கொடுத்திருக்கிறது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தகுதியுள்ள கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதைவிடச் சிறிய நிறுவனமாக இருந்தால் வெளியே உள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். டெலி மானஸ் எண்ணை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பைசா செலவில்லை, முதலில் இதைக் கேளுங்கள்.

தாமிரபரணி_88

மனுவில் "கவுன்சிலர் நியமிக்க வேண்டும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இருக்கிற ஆசிரியர் ஒருவருக்கே அந்தப் பட்டத்தையும் கொடுத்துவிடுவார்கள். அறை எங்கே, பதிவேடு யாரிடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் ஒரு வரைவு போடுகிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு. உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜூலை மாத வழிகாட்டுதல்களின்படி நம் கல்லூரிக்குத் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரை நியமிக்க வேண்டுகிறோம். அவர் எங்களுக்குப் பாடம் நடத்துபவராகவோ எங்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவராகவோ இருக்க வேண்டாம். ஆலோசனை அறை நிர்வாக அலுவலகத்தை ஒட்டி இல்லாமல் நூலகம் போன்ற பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். வருபவர்களின் பெயரும் பதிவெண்ணும் ஆலோசகரிடம் மட்டுமே இருக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையில் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும் என்பதை அறைக்கு வெளியே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். 14416 என்ற எண்ணை இந்த வாரமே விடுதியிலும் வகுப்பறைகளிலும் ஒட்ட ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்."

மஞ்சள்_குடை

"மாணவரிடம் தெரிவித்த பிறகே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள் சார்.

தாமிரபரணி_88

சேர்த்துக்கொள்ளுங்கள். "உயிருக்கு உடனடி ஆபத்து உள்ள நேரம் தவிர" என்பதையும் கூடவே போடுங்கள்.

பாலிடெக்_மூணாவது

இரண்டையும் சேர்த்துவிட்டேன். நாளைக்கு மூன்று டிபார்ட்மென்ட்டிலும் கையெழுத்து வாங்கப் போகிறோம். 14416-ஐ எங்கள் கிளாஸ் போர்டின் மூலையில் நான் இப்போதே எழுதிவிட்டேன், யாரும் அழிக்கவில்லை. முதல்வர் என்ன சொல்கிறார் என்று வந்து போடுகிறேன்.